நான்தான் என்று சொல்லும்வரை

இயேசு மரி சூசை துணை

ஓசூர்,
14-1-1968

அன்புள்ள அக்காவுக்கு பவுலினா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனில் காதுக்கு வைக்கும் துணி உறைகளைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டேன். இந்தப் பனியில் சாயங்காலத்துக்குள் காயுமா தெரியவில்லை. ஒரு வாரமாக பெங்களூர், பாகலூர் வியாபாரிகள் போட்ட சத்தமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கன்னடத்தில் விலை பேசுவார்கள், தெலுங்கில் கோபித்துக்கொள்வார்கள், லைன் அறுந்தால் என்னைத் தமிழில் திட்டுவார்கள். உறைகளைக் காயப்போட்டுவிட்டுத்தான் பூசைக்குப் போனேன். மாமாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

இரண்டு செய்திகள். உங்கள் ஊத்தங்கரை போஸ்டாபீசில் டெலிபோன் வைத்துவிட்டார்கள். இனி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல், டியூட்டி இல்லாத நேரத்தில், உன்னோடு பேசப்போகிறேன். உன் பெயரைச் சொல்லி 'பி.பி. கால்' போடுவேன். பியூன் சின்னராஜ் வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிடுவார். ஆளைக் கூப்பிடுவதற்குத் தனியாக ஒரு சிறு தொகை உண்டு. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது உண்டு. ஆனால் நீ வாங்கிக் காதில் வைத்து 'நான்தான்' என்று சொல்லும்வரை பேச்சுக்கான கணக்கு ஆரம்பிக்காது. அதனால் முழங்கால் வலியோடு ஓடிவராதே. மெதுவாக வா.

இரண்டாவது, எனக்குச் சேலத்தில் மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டு அறையுள்ள வீடும் உண்டாம். மே மாதத்துக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கும் யாருமில்லை, உன்னைக் கட்டிய மாமா போனபின் உனக்கும் யாருமில்லை. நீ மெஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுகிறாயா? நீ வருவதாக இருந்தால்தான் போவேன். இதற்குக் கடிதத்தில் பதில் வேண்டாம். போனில் உன் வாயால் கேட்க வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
பவுலினா

---

இயேசு மரி சூசை துணை

ஊத்தங்கரை,
23-1-1968

பிரியமுள்ள பவுலிக்கு அக்கா அன்னமேரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுகிறேன்.

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்கு அது ஒரு பழக்கம். ஓசூர் குளிருக்கு நீ காதை மூடிக்கொள்கிறாயா? நாளெல்லாம் அந்த இரும்பைக் காதில் வைத்துக்கொள்கிறவளுக்குச் சளி பிடித்தால் இறங்காது.

மெஸ்ஸில் இப்போது காலையில் ஐந்து பஸ்காரர்கள் சாப்பிடுகிறார்கள். ஓசூர் பஸ் கண்டக்டர் முனிராஜ் இருக்கிறானே, அவன் நேற்று, "அக்கா, உன் சட்னிக்குத் தனியா டிக்கெட் கிழிக்கணும், லக்கேஜ் மாதிரி கனமா இருக்குது" என்றான். "உன் வாய்க்கு மொதல்ல பிரேக் போடுடா, அப்புறம் என் சட்னிக்கு டிக்கெட் கிழி" என்றேன். மொத்த பெஞ்சும் சிரித்தது. மாமா இருந்திருந்தால் உள்ளேயிருந்து இருமுவார். அதுதான் அவர் சிரிப்பு.

போன் வரும் என்று எழுதினாயே, அதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. போஸ்டாபீஸ் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். கறுப்பாக, பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சின்னராஜுக்கு இப்போதே இரண்டு நாள் இட்லி இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு நீ சொன்னபடி போனிலேயே பதில் சொல்கிறேன்.

சிலுவை போட்டுக்கொண்டு படு.

உன் அக்கா,
அன்னமேரி

---

ஓசூர்,
5-2-1968

அன்புள்ள அக்கா,

உனக்குக் கடவுள் சுகத்தைத் தரட்டும். நான் இங்கே நலம்.

சனிக்கிழமை பேசியதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். போர்டில் தேவமணி இருந்தாள். என் கீழே வேலை பார்க்கும் பெண். "நம்ம லைன்தானேக்கா, சீட்டு எழுதாம பேசுங்க" என்றாள். நான்தான் சீட்டை எழுதச் சொன்னேன். ஊரார் பேச்சுக்கெல்லாம் நேரம் பார்த்து எழுதுகிற கை, நம் வீட்டுப் பேச்சுக்கு மட்டும் எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

நீ 'நான்தான்' என்றாய். அந்தக் குரலைக் கேட்டு நான்கு மாதம் ஆயிற்று. பிறகு நடந்தது உனக்கே தெரியும். உடம்பு எப்படி என்றேன். "தேவல." சாப்பிட்டாயா என்றேன். "ஆச்சு." கல்லறைக்குப் பூப் போட்டாயா என்றேன். "ம்." சேலத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். "பாக்கலாம். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாய்.

தேவமணி பதறிப்போய், "லைன் டெட்டாக்கா? கேக்கலையா? கேன்சல் போடட்டுமா?" என்றாள். எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. இரைச்சலில் பேச்சு விழவில்லை என்று ஆபரேட்டருக்குத் தோன்றினால், சீட்டில் அப்படி எழுதிக் கணக்கை அடித்துவிடலாம். "இல்லை தேவமணி, லைன் ரொம்ப நன்றாக இருந்தது. சார்ஜ் போடு" என்றேன்.

மெஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்கும். அவசரத்தில் வந்திருப்பாய். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். மார்ச் இரண்டாம் தேதி மறுபடி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
பவுலினா

---

ஊத்தங்கரை,
26-2-1968

பிரியமுள்ள பவுலி,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. புளி வந்து இறங்கிவிட்டது. உடைத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மிதித்துப் பின் அறையில் அடுக்குவதற்குள் இடுப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டுச் செல்லி உதவிக்கு வந்தாள். அவளும் நானும் பேசிய பேச்சில் பாதி புளி தானாகவே உடைந்திருக்கும்.

உன் குரலைக் கேட்டதிலிருந்து மனசு குளிர்ந்து கிடக்கிறது. அப்படியே பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் கம்மிப் போயிருக்கிறதே, மிளகுப் பால் குடி.

கணக்கைப் பற்றி நீ எழுதியதையெல்லாம் மறுபடி மறுபடி படித்தேன். முதலில் எழுதியதையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இந்தத் தடவை சரியாக நடந்துகொள்கிறேன், பார்.

முனிராஜிடம் ஒரு ஜாடி மாவடு கொடுத்துவிட்டிருக்கிறேன். வழியில் அவனே தின்றுவிடாமல் இருக்க வாயை மெழுகால் மூடியிருக்கிறேன். ஜாடியின் வாயைத்தான்.

உன்னை எப்போதும் நினைக்கும் அக்கா,
அன்னமேரி

---

ஓசூர்,
10-3-1968

அக்காவுக்கு நமஸ்காரம்.

நலம். நீயும் நலம் என்று முனிராஜ் சொன்னார். மாவடு வந்து சேர்ந்தது. மெழுகு உடையவில்லை.

இரண்டாம் தேதி நடந்ததை நான் யாரிடம் கேட்பது? சின்னராஜ் ரிசீவரை எடுத்து, "வந்துட்டாங்கம்மா, குடுக்கறேன்" என்றார். நீ வாங்கினாய். நான் "அக்கா" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். உன் வளையல் ரிசீவரில் உரசியது கேட்டது. மூச்சு கேட்டது. நான் என்னென்னவோ பேசினேன். வேலையைப் பற்றி, சேலத்து வீட்டைப் பற்றி, பின்னால் முல்லை வைக்க இடம் இருக்கிறது என்பதைப் பற்றி. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேவமணி குறுக்கே வந்து, "அக்கா, அவங்க 'நான்தான்'னே சொல்லலையே, நான் எப்படி டைம் போடறது? ஆள் கிடைக்கலைன்னு எழுதிடட்டுமா?" என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. "போடு, அது அவள்தான். மூச்சு எனக்குத் தெரியும்" என்றேன்.

பதினெட்டு வருஷமாக நான் குரல்களோடுதான் வாழ்கிறேன். கடன் கேட்கிறவன் சிரிப்பதையும், சாவுச் செய்தி சொல்கிறவன் முதலில் மழையைப் பற்றிப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். கடிதத்தில் யார் வேண்டுமானாலும் அன்பாக இருக்கலாம், யோசிக்க நேரம் இருக்கிறது. குரலில் அது முடியாது. உன் கடிதங்கள் இனிப்பாக இருக்கின்றன. ஆனால் நான் நம்புவது குரலைத்தான்.

முனிராஜிடம் சும்மா கேட்டேன், அக்கா யாருடனும் பேசுவதில்லையா என்று. அவர் சிரித்துவிட்டார். "உங்க அக்காவா? பஸ்ஸு ஹாரன் அடிச்சாலும் அவங்க பேச்சு மேலதான் கேக்கும். வண்டி நகந்த பின்னாடியும் ஜன்னல்ல பேசிக்கிட்டே வருவாங்களே!" என்றார்.

மாமாவின் அடக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அதைப் பற்றி நீ ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. இனியும் சொல்ல வேண்டாம்.

சேலத்துக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் மட்டும்தான் போகிறேன். இனி மாதா மாதம் சின்னராஜ் வெயிலில் சைக்கிள் மிதித்து வரத் தேவையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பவுலினா

---

இயேசு மரி சூசை துணை

ஊத்தங்கரை,
8-4-1968

என் செல்லப் பவுலிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய், சனிக்கிழமை வந்தால் கூப்பிடாமல் இருக்க மாட்டாய் என்று நினைத்தேன். மெஸ்ஸைச் செல்லியிடம் விட்டுவிட்டுப் போஸ்டாபீஸில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் சின்னராஜ், "யம்மா, இன்னைக்கு வராது போல இருக்குது, வூட்டுக்குப் போ" என்றார்.

நான் என்னடி தப்புச் செய்தேன்? உனக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதானே வாயைக் கட்டினேன்.

மாமா போன அன்று தந்தி கொடுக்க இதே போஸ்டாபீஸுக்குத்தான் வந்தேன். இப்போது போன் இருக்கிற அதே ஜன்னல், உள்ளே இருக்கிறவரும் அதே ஆள். நான் சொன்னேன்: 'உன் மாமா ஜெபதுரை போய்விட்டார், பவுலி, நீ பயப்படாமல் வா, நீ வரும்வரை எடுக்க மாட்டோம்.' அவர் பென்சிலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டினார். "வார்த்தைக்கு வார்த்தை காசும்மா. 'பயப்படாம' எதுக்கு? 'வரும்வரை' எதுக்கு? செத்ததைச் சொன்னா வந்துட மாட்டாங்களா?" என்றார். கையில் இருந்த சில்லறைக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி, கடைசியில் மாமாவின் பெயரும் செத்த செய்தியும்தான் மிஞ்சியது. நாங்கள் மறுநாள் மூன்று மணிவரை வைத்திருந்தோம், பவுலி. அதற்கு மேல் பங்குச் சாமியார் கேட்கவில்லை. வரும்வரை எடுக்க மாட்டோம் என்று தந்தியில் இருந்திருந்தால் நீ ராத்திரி லாரியைப் பிடித்தாவது வந்திருப்பாய். அதை நினைத்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். உன் மேல் கோபமா? எனக்கா?

போனும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் உன் சம்பளத்திலிருந்து போகும் என்று. முதல் தடவை, முந்தின நாளே வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு வந்தேன். சேலத்தைப் பற்றி ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது? அதனால்தான் பாக்கலாம் என்றேன். இரண்டாம் தடவை, நீயே எழுதியிருந்தாயே, 'நான்தான்' என்று சொல்லும்வரை கணக்கு ஓடாது என்று. அப்படியென்றால் அதைச் சொல்லாமலே இருந்தால் உன் குரலைச் சும்மாவே கேட்கலாமே! எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். முல்லைக் கொடி என்று நீ சொன்னபோது சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

உன்னைப் போலப் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. மன்னித்துக்கொள்.

அக்கா

---

ஓசூர்,
பெரிய வெள்ளி, 12-4-1968

என் அக்கா,

எதை எழுத, எப்படி ஆரம்பிக்க? நீயும் சுகம் நானும் சுகம் என்று இன்றுதான் நிஜமாக எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். உபவாச நாளில் இப்படிச் சிரிக்கலாமா என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் போனபின் சிரிக்க முடியவில்லை.

தப்பு உன்னுடையது இல்லை. அரைகுறையாகச் சொன்னது நான். எனக்குத் தினமும் தெரிந்த விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது முழுதாக எழுதுகிறேன், கேள்.

தந்திக்கு வார்த்தை கணக்கு. டெலிபோனுக்கு நேரம் மட்டும்தான் கணக்கு. நாங்கள் வார்த்தையை எண்ணுவதில்லை. நீ 'நான்தான்' என்றதும் ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் எழுதுவாள். அதிலிருந்து மூன்று நிமிஷம் ஒரு துண்டு. துணிக்கடையில் துண்டாக விற்கிற துணி மாதிரி, பாதி கேட்டாலும் முழுத் துண்டுக்குத்தான் விலை. நீ அரை நிமிஷத்தில் வைத்தாலும் மூன்று நிமிஷத்துக்குத்தான் கட்ட வேண்டும். வாய் ஓயாமல் பேசினாலும் அதே தொகை. அழுதாலும் அதே, இருமினாலும் அதே. மூன்று நிமிஷம் முடியும்போது தேவமணி குறுக்கே வந்து சொல்வாள். அதற்கு மேல் பேசினால்தான் அடுத்த துண்டு. மாதக் கடைசியில் சீட்டுகளையெல்லாம் கட்டிப் பெரிய ஆபீசுக்கு அனுப்புவோம். அங்கே யாரும் என்ன பேசினோம் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு நேரம் என்றுதான் பார்ப்பார்கள்.

மூன்று மணிவரை வைத்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒரு மணி பஸ்ஸைத் தவறவிட்டுக் கிருஷ்ணகிரியில் நின்றேன். இனி அதைப் பற்றி நேரில்.

மே நான்காம் தேதி கூப்பிடுகிறேன். மூன்று நிமிஷமும் உன்னுடையது. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்களோடு,
உன் பவுலி

---

ஊத்தங்கரை,
9-5-1968

பிரியமுள்ள பவுலிக்கு, மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

சனிக்கிழமை நான் பேசியதைச் சின்னராஜ் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "யம்மா போன்ல பேசுனாங்களா, போனைத் திட்டுனாங்களான்னு தெரியல" என்றாராம். முனிராஜ் பஸ் பஞ்சரானது, செல்லி மாமியாரோடு சண்டை, மாங்காய் இந்த வருஷம் காய்க்காதது, எல்லாம் சொல்லிவிட்டேன் போல. முக்கியமானது எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் மூன்று நிமிஷம் ஆயிற்று என்றாளா, கை தானாக வைத்துவிட்டது. பழைய பயம்.

சொல்ல வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. பின் அறையிலிருந்த புளி மூட்டைகளை எடுத்து அடுப்படிக்கு மாற்றிவிட்டு வெள்ளையடித்தேன். ஜன்னலுக்குக் கொக்கி வைத்தேன். சும்மாதான். வெளிச்சமாக இருக்கிறது.

இங்கேயும் எக்ஸ்சேஞ்ச் போர்டு வைக்கப்போகிறார்களாம். கடைக்காரர்கள் பத்துப் பேர் போன் கேட்டிருக்கிறார்கள். போர்டு பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று சின்னராஜ் சொல்கிறார். சின்னப் பதவி. இந்தப் புழுதிக்குப் படித்தவர்கள் யார் வருவார்கள்?

நீ சேலத்துக்குப் போ, பவுலி. பெரிய வேலை. அப்பா இருந்திருந்தால் பெருமைப்படுவார். நான் இந்த மெஸ்ஸை விட்டு எங்கேயும் வர மாட்டேன். இந்த வீட்டில்தான் மாமாவின் இருமல் இன்னும் கேட்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேச ஊரே இருக்கிறது.

அக்கா,
அன்னமேரி

---

ஓசூர்,
19-5-1968

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கும் உன் வாய்க்கும் நல்ல சுகம் வேண்டி எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. சளிகூட விட்டுவிட்டது.

அன்று நீ வைத்த பிறகு நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. "பின் ரூமை..." என்று ஆரம்பித்தாய். தேவமணி, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டட்டுமாக்கா?" என்றாள். "நீட்டு" என்றேன். அதற்குள் டக்கென்று சத்தம். நான் ரிசீவரை வைக்கவில்லை. லைன் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. இங்கிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஊத்தங்கரை, கம்பி முழுவதும் காற்று இழுக்கிற சத்தம். தேவமணி மெதுவாக, "அவங்க போயிட்டாங்கக்கா" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சேலத்துச் சம்மதக் கடிதம் இன்னும் எங்கள் ஆபீசிலேயே கிடக்கிறதாம், மேலே போகவில்லையாம். நேற்று விசாரித்தேன். ஊத்தங்கரை போர்டுக்கு இன்னும் ஆள் போடவில்லையாம், அதையும் விசாரித்தேன். ஏன் விசாரித்தேன் என்று தேவமணி கேட்டதற்கு, சும்மாதான் என்றேன். உன்னிடமிருந்துதான் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் வேலை அதுதான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் இப்போது சொல்லப்போவதில்லை. சொன்னால் வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதுவாய். அல்லது காசு போனாலும் போகட்டும் என்று நீயே போன் போட்டுத் திட்டுவாய்.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை போனுக்காகப் போஸ்டாபீஸில் வந்து காத்திருக்காதே. வீட்டிலேயே இரு. அடுப்படியில் இடம் போதவில்லை என்று அந்தப் புளி மூட்டைகளைத் திரும்பப் பின் அறையில் கொண்டுபோய் வைத்துவிடாதே.

உன்,
பவுலி